தொலைநோக்கி வாங்குவதற்கு முன்: இணையத்தில் வானியல் கற்கும் வழி

2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிக்கொண்டிருந்த விக்ரம் லேண்டருடன் இஸ்ரோவுக்கு இருந்த தொடர்பு கடைசி நிமிடங்களில் அறுந்தது. லேண்டர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து, நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அந்தப் பகுதிக்கு மேலே பறந்து படம் எடுத்தது. சூரியன் சாய்ந்திருந்த நேரம் என்பதால் நீண்ட நிழல்கள் நிலத்தை மூடியிருந்தன. எல்ஆர்ஓ குழுவினருக்கு எதுவும் அகப்படவில்லை. செப்டம்பர் 26-ஆம் தேதி அந்தப் படத்தொகுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும் என்று இணையத்தில் வைத்துவிட்டார்கள்.

சென்னையில் வேலை பார்த்துவந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் சண்முக சுப்பிரமணியன் அதை இறக்கிப் பார்த்தவர்களில் ஒருவர். அதே நிலப்பகுதியின் பழைய படத்தோடு புதிய படத்தை அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதன் அளவு ஒரே ஒரு பிக்சல், அதாவது நிலவின் தரையில் ஏறக்குறைய 1.3 மீட்டர். நாசாவுக்கு எழுதினார். அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த தெளிவான படங்களோடு எல்ஆர்ஓ குழு அதைச் சரிபார்த்து, டிசம்பர் முதல் வாரத்தில் உறுதிசெய்தது. அவர் கண்டது விக்ரமின் உடைந்த துண்டு. லேண்டர் மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது.

இந்தத் தேடலுக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. பொதுவில் கிடந்த படமும், எதைத் தேடுகிறோம் என்ற தெளிவும், பொறுமையும் போதுமானவையாக இருந்தன.

வானியலுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. தட்டினால் ஆயிரம் வீடியோ வந்து விழும். கருந்துளை பற்றி ஒன்று, வேற்றுக்கிரகவாசி பற்றி இரண்டு என்று பார்த்துக்கொண்டே போகிறவர் ஓராண்டு கழித்தும், மொட்டைமாடியில் நின்றால் வெள்ளி எது, வியாழன் எது என்று சொல்லத் திணறுவார். கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் சொந்த ஊர் வானம், அடுத்து அன்றாடப் பழக்கம், அடுத்து ஒழுங்கான பாடம், பிறகு விண்கலங்கள் அனுப்பும் நேரடித் தரவு, கடைசியில் அந்தத் தரவில் ஏதாவது வேலை செய்து பார்ப்பது. இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது. இதில் சொல்லப்படும் கருவிகளின் அடிப்படை வசதிகள் பெரும்பாலும் இலவசம்.

முதலில் மொட்டைமாடி

தொடங்க வேண்டிய இடம் ஸ்டெல்லேரியம். பிரெஞ்சு மென்பொருளாளர் ஃபேபியன் ஷெரோ 2000-இல் எழுதத் தொடங்கிய இந்தக் கோளரங்க மென்பொருளை இன்று தன்னார்வலர் குழு ஒன்று வளர்த்துவருகிறது. கணினியில் நிறுவிக்கொள்ளலாம், நிறுவ விரும்பாதவர் பிரவுசரிலேயே திறக்கலாம். கைபேசிச் செயலியில் மட்டும் சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு.

திறந்தவுடன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, இருப்பிடத்தைச் சரியாகக் கொடுப்பது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் கிடைக்கும் வான வழிகாட்டிகளில் பல ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. லண்டனில் துருவ நட்சத்திரம் 51 பாகை உயரத்தில் நிற்கும். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகைதான். யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. தென்னந்தோப்பு ஒன்று இருந்தாலே மறைந்துவிடும். ஆனால் தெற்கே லாபம் அதிகம். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியர், அதாவது கனோபஸ், லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. சென்னைவாசிக்குப் பிப்ரவரி இரவு 9 மணிவாக்கில் தெற்கே 24 பாகை உயரத்தில் கிடைக்கும். மே மாதம் அதே நேரத்தில் தென் சிலுவையையும் பார்க்கலாம். வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே நம்புகிறவர் இந்த இரண்டையும் இழந்துவிடுவார்.

உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. வடக்கே அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டிக்கும் குறைவு என்றால் அது சென்னையின் துருவ நட்சத்திரம்.

இரண்டாவது, வான அமைப்பில் ஒளி மாசு அளவை மாற்றுவது. ஸ்டெல்லேரியம் இதற்கு 1 முதல் 9 வரையிலான போர்ட்டில் அளவுகோலைப் பயன்படுத்துகிறது. 1 என்றால் மாசே இல்லாத இருட்டு. 8, 9 என்றால் பெருநகரத்தின் நடுப்பகுதி. தியாகராய நகரில் இருப்பவர் அளவை 3-இல் விட்டுவிட்டால் திரையில் பால்வீதி பளபளக்கும். மாடிக்குப் போனால் இருபது நட்சத்திரம்தான் தெரியும். ஏமாற்றம் கருவியால் வராது, அமைப்பால் வரும்.

அடுத்த பயிற்சி சர்வதேச விண்வெளி நிலையம். தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. இரவெல்லாம் தலைக்கு மேலே போனாலும் எல்லா நேரத்திலும் தெரியாது. தரையில் இருட்டியிருக்க வேண்டும். அந்த உயரத்தில் மட்டும் வெயில் அடிக்க வேண்டும். அதனால்தான் அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் மட்டும் காட்சி தருகிறது. ஹெவன்ஸ் அபவ் என்ற தளத்தில் ஊரைக் கொடுத்தால் எந்த நாள், எந்த நிமிடம், எந்தத் திசையில் தோன்றி எங்கே மறையும் என்று அட்டவணை வரும். நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் சேவையும் இதையே கைபேசிக்கு அறிவிப்பாக அனுப்புகிறது.

அந்த அட்டவணையில் பிரகாசம் என்று ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. நல்ல இருட்டில் கண்ணுக்குத் தெரியும் எல்லை 6. வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் மைனஸ் 1.5, வெள்ளிக் கோள் மைனஸ் 4, முழு நிலவு மைனஸ் 12.7. ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு வித்தியாசம்.

நாளுக்கு ஒரு படம்

1995 ஜூன் 16 அன்று ராபர்ட் நெமிரோஃப், ஜெர்ரி பொன்னெல் என்ற இரண்டு வானியலாளர்கள் நாசாவுக்காக ஒரு பக்கத்தைத் தொடங்கினார்கள். தினம் ஒரு வானியல் படம், கீழே நிபுணர் எழுதிய சில வரி விளக்கம். அபாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பக்கத்தின் தோற்றம் இன்றைக்கும் தொண்ணூறுகளின் வலைப்பக்கம் போலத்தான் இருக்கிறது. அதன் பழைய படங்கள் எல்லாமே தேதிவாரியாகக் கிடைக்கின்றன.

படத்தை ரசித்துவிட்டுப் போனால் பயன் பாதிதான். படத்தில் இருக்கும் பொருளின் பெயரை ஸ்டெல்லேரியத்தில் தட்டி, அது எந்த ராசிப் பக்கம் இருக்கிறது, இன்று இரவு தன் ஊரில் உதிக்குமா, வெறுங்கண்ணுக்கு எட்டுமா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஓரியன் நெபுலா படம் வரும் நாளில், அது மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் தெற்கே வேட்டைக்காரனின் இடுப்பு வாளில் இருப்பது தெரிந்துவிட்டால், அடுத்த முறை வானத்தைப் பார்க்கும்போது கண் தானாக அங்கே போகும்.

படத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுப் பழக வேண்டும். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. அந்த ஒளிக்கு மனிதக் கண்ணில் நிறமே கிடையாது. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகிய அலைநீளத்துக்கு நீலம் என்று வரிசைப்படி நிறம் ஏற்றிப் படத்தை உருவாக்குகிறார்கள். எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் கொடுத்தார்கள் என்பது வெப் படங்களின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கும். அதைப் படித்தவருக்குப் படம் ஓர் அளவீடாகத் தெரியத் தொடங்கும்.

பாடமாகப் படிப்பது

ஒரு மாதம் இப்படிப் போனால் கேள்விகள் குவிந்திருக்கும். அப்போதுதான் பாடநூலைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் இரண்டாவது அத்தியாயத்தில் தூக்கம் வரும்.

ஆங்கிலம் படிக்க முடிந்தவருக்கு ஓபன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ‘அஸ்ட்ரானமி’ பாடநூல் முதல் தேர்வு. ஆண்ட்ரூ ஃப்ராக்னாய், டேவிட் மாரிசன், சிட்னி உல்ஃப் ஆகியோர் தலைமையில் எழுதப்பட்டு 2016-இல் வெளிவந்த இந்த நூலில் கணக்கு குறைவு, விளக்கம் அதிகம். முழுநூலையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதோடு சேர்த்துக் கேட்க, கோர்சேராவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் இம்பே நடத்தும் அறிமுக வகுப்பு உண்டு. இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் பெய்லின் 2007-இல் நடத்திய வகுப்புகளைப் பார்க்கலாம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்கள், கருந்துளைகள், பேரண்டவியல் ஆகிய மூன்றே தலைப்புகளை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போகிறார். பைத்தான் எழுதத் தெரிந்த மாணவருக்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் ‘டேட்டா டிரிவன் அஸ்ட்ரானமி’ பொருத்தம். வேலைவாய்ப்புக்காக நிரல் கற்கும் இளைஞர் விண்மீன் பட்டியல்களை வைத்தே அதைப் பழகிவிடலாம்.

தமிழில் மட்டும் படிக்க விரும்புகிறவருக்கு முழுமையான இணையப் படிப்பு என்று ஒன்றைக் கைகாட்டுவது கடினம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் அறிவியல் நூல்களில் அண்டம், விண்வெளி பற்றிய பாடங்களைத் தேடி எடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் வானியல் கட்டுரைகள் கலைச்சொற்களுக்கு உதவும். ஒரே சமயத்தில் நான்கு படிப்பில் சேர்வது மட்டும் கூடாது. ஒன்றை எடுத்து முடித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும்.

விண்கலங்களின் பின்னால்

விண்வெளிப் பயணங்களைப் பொறுத்தவரை, ஏவுதலை நேரலையில் பார்ப்பது தொடக்கம் மட்டுமே. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இறங்கிய பிறகு விண்கலம் என்ன செய்தது, அனுப்பிய தகவல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனவர்கள் அதில் எத்தனை பேரோ.

அப்படித் தேடுகிறவருக்கு மூன்று சன்னல்கள் உண்டு.

முதலாவது, நாசாவின் ‘ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம்’. பிரவுசரில் ஓடும் முப்பரிமாணச் சூரியக் குடும்பம் இது. விண்கலங்களின் உண்மையான பாதைத் தரவை வைத்து இயங்குவதால், காலத்தைப் பின்னால் நகர்த்தி வாயேஜர் வியாழனைக் கடந்த நாளைப் பார்க்கலாம். முன்னால் நகர்த்தி இனி நடக்கப்போகும் சந்திப்புகளையும் பார்க்கலாம். ஈர்ப்பு உந்துதல் என்பதைப் பத்துப் பக்கம் படித்தும் புரியாதவருக்கு வாயேஜர் 2-இன் பாதையை இதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

இரண்டாவது, ‘டிஎஸ்என் நவ்’. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களிலும் நாசா பெரிய ஆன்டெனாக்களை வைத்திருக்கிறது. பூமி எப்படிச் சுழன்றாலும் தொலைதூர விண்கலத்தை ஏதாவது ஓரிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மூன்று இடங்கள். எந்த ஆன்டெனா இந்த நொடியில் எந்தக் கலத்தோடு பேசுகிறது, சிக்னல் எவ்வளவு பலவீனமாக வருகிறது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1-இன் குரல் வந்துசேர இப்போது 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெயர் திரையில் தோன்றும் நாளில், இன்று வரும் செய்தி நேற்றே கிளம்பியது என்ற கணக்கு உறைக்கும்.

மூன்றாவது சன்னல்தான் முக்கியம்: மூலப் படங்கள். பெர்சிவரன்ஸ், கியூரியாசிட்டி ரோவர்கள் செவ்வாயிலிருந்து அனுப்பும் படங்களை நாசா மெருகேற்றாமல் அப்படியே வெளியிடுகிறது. வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தில் இருக்கும் ஜூனோகேம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தக் கேமரா பொதுமக்கள் பங்கேற்புக்காகவே பொருத்தப்பட்டது. 2016 ஜூலையில் ஜூனோ வியாழனை அடைந்ததிலிருந்து மூலப் படங்கள் இணையத்துக்கு வருகின்றன. அவற்றைச் சேர்த்து, நிறம் திருத்தி, புயல்களைத் துலங்கச் செய்வது ஆர்வலர்களின் வேலை. நாளிதழ்களில் வெளிவந்த நீலச் சுழல் வியாழன் படங்களின் கீழே ஜெரால்ட் ஐக்ஸ்டெட், கெவின் கில் போன்ற பெயர்கள் அச்சாவது இதனால்தான்.

இந்தியத் தரவுகளுக்கு, பெங்களூரை அடுத்த பைலாலுவில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் ‘பிரதான்’ தளம் இருக்கிறது. பெயர் பதிந்து உள்ளே போனால் சந்திரயான், ஆதித்யா-எல்1 உள்ளிட்ட திட்டங்களின் தரவுகளைப் பெறலாம். சந்திரயான்-2-இன் சுற்றுக்கலத்தில் இருக்கும் ஓஎச்ஆர்சி கேமரா 100 கி.மீ. உயரத்திலிருந்து கால் மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்தறியும். கோப்புகள் பெரியவை, கைபேசியில் திறக்க நினைக்கக் கூடாது. நிலவை மட்டும் சுற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘குயிக்மேப்’ எளிது. கூகுள் மேப்பைப் போலவே பெரிதாக்கிக்கொண்டே போகலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு பயிற்சி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாடிக்குப் போவதில் பயனில்லை. அந்த மாதங்களைச் சூரியனுக்கு ஒதுக்கலாம், அதுவும் வீட்டுக்குள் இருந்தபடியே. வெறுங்கண்ணாலோ கருவியாலோ சூரியனை நேரே பார்ப்பது பார்வையைப் பறித்துவிடும். திரையில் பார்ப்பதில் அந்த ஆபத்து இல்லை.

2010-இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்டிஓ விண்கலம் சூரியனை இடைவிடாமல் படம் எடுத்து அனுப்புகிறது. வெண்ணொளிப் படத்தை இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் சேமித்து, ஒரு குறிப்பிட்ட சூரியப் புள்ளி இருக்கும் இடத்தைத் தாளில் வரைந்துவந்தால், அது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்வது தெரியும். அதற்கு ஏறக்குறைய 13 நாள் ஆகும். அதை இரட்டித்தால் பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்றும் காலம் கிடைக்கும். கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து வரைந்த அதே கணக்கு இது. இதை முடித்தவர் கொடைக்கானல் பக்கம் திரும்பலாம். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்மமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான்.

நட்சத்திரங்களிலும் இதுபோன்ற பயிற்சி உண்டு. 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் தளத்தில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால், உலகெங்கும் ஆர்வலர்கள் பதிந்த ஒளி அளவுகள் வரைபடமாக வரும். திருவாதிரை நட்சத்திரத்துக்கு, அதாவது பெட்டல்ஜூஸுக்கு, 2019 அக்டோபர் முதல் 2020 மே வரை வரைந்து பார்த்தால் பிப்ரவரியில் ஒரு பெரும் பள்ளம் விழுவது தெரியும். வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி, மறுபடி ஏறியது. வெடிக்கப்போகிறது என்று அப்போது செய்திகள் பரவின. அந்த நட்சத்திரம் வெளித்தள்ளிய பொருள் தூசியாகி ஒளியை மறைத்தது என்பதே பின்னர் வந்த விளக்கம்.

ஆய்வில் கை கொடுப்பது

இவ்வளவு பழகியவர் உண்மையான ஆய்வில் பங்கெடுக்கலாம். இதற்கு வழி திறந்தது ஒரு சலிப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஷவின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் விண்மீன் திரள்களை வடிவவாரியாகப் பிரிக்க, ஒரே வாரத்தில் 50,000 படங்களைக் கண்ணால் பார்த்துச் சோர்ந்துபோனார். மீதம் லட்சக்கணக்கில் இருந்தது. கிறிஸ் லிண்டாட்டும் அவரும் சேர்ந்து 2007 ஜூலையில் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். கேலக்ஸி ஸூ என்ற அந்தத் திட்டத்தில் முதல் ஆண்டிலேயே 1,50,000-க்கும் மேற்பட்டோர் 5 கோடிக்கும் அதிகமான வகைப்படுத்தல்களைச் செய்தார்கள். ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு திரளின் அருகே விநோதமான ஒரு கறையைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். ஆய்வாளர்களுக்கும் தெரியவில்லை. அணைந்துபோன ஒரு குவாசாரின் ஒளி பட்டு ஒளிரும் மாபெரும் வாயு மேகம் அது என்று பிறகு புரிந்தது. அவர் பெயரிலேயே அது இன்று அறியப்படுகிறது.

கேலக்ஸி ஸூவிலிருந்து வளர்ந்ததுதான் ஸூனிவர்ஸ் தளம். அதில் தொடங்குகிறவருக்கு ஏற்றது ‘பிளானட் ஹன்டர்ஸ் டெஸ்’. நட்சத்திரத்தின் முன்னால் கோள் ஒன்று கடக்கும்போது வெளிச்சம் சற்றே குறையும். அந்தப் பள்ளத்தை வரைபடத்தில் தேடுவதுதான் வேலை. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தை மறைத்தால் 1 சதவீதம் குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் 0.01 சதவீதம்கூடக் குறையாது. நூறு வரைபடங்களைப் பார்த்தவருக்குப் பூமி போன்ற கோளைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது எந்த வீடியோவும் இல்லாமல் விளங்கும்.

பொறுமை கூடுதலாக இருப்பவருக்கு வால்மீன் வேட்டை. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் சூரியனின் முகத்தை மறைத்துவிட்டு அதன் சுற்றுப்புறத்தைப் படம் எடுக்கிறது. அந்தப் படங்களில் சூரியனை நோக்கி விழும் வால்மீன்களைத் தேடுவதே சன்கிரேஸர் திட்டம். சோஹோ படங்களில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தன்னார்வலர்களின் கண்ணில் பட்டவை. 2015-இல் 3,000-ஆவது வால்மீனைக் கண்டவர் தாய்லாந்தைச் சேர்ந்த வொராசேட் பூன்ப்ளாட். ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தால்தான் இது முடியும் என்றில்லை.

பள்ளிகளுக்கு ஐஏஎஸ்சி என்ற சர்வதேசச் சிறுகோள் தேடல் திட்டம் உண்டு. ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை மாணவர் குழுக்களுக்கு அனுப்புவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்து நகரும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். இந்தியப் பள்ளிகளும் இதில் கலந்துகொள்கின்றன. இங்கே பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியது ஒன்று. மாணவர் முதலில் பெறுவது ‘முதற்கட்ட அடையாளம்’ மட்டுமே. மறுபடி வேறு இரவில் அதே பொருள் பதிவானால்தான் தற்காலிகக் கண்டுபிடிப்பு. பாதை முழுதாக உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டு ஆகும். முதல் சான்றிதழ் வந்தவுடன் ‘சிறுகோளைக் கண்டுபிடித்த மாணவி’ என்று பேனர் அடிப்பது அந்தக் குழந்தைக்குத் தவறான அறிவியலைக் கற்றுக்கொடுக்கும்.

இரவல் தொலைநோக்கி

படத்தைத் தானே எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் மையத்தின் மைக்ரோஅப்சர்வேட்டரி இருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒரு கோளையோ நெபுலாவையோ தேர்ந்தெடுத்து, எவ்வளவு நேரம் ஒளி சேர்க்க வேண்டும், எந்த வடிகட்டி என்று சொல்லிவிட்டால், அமெரிக்காவில் இருக்கும் தானியங்கித் தொலைநோக்கி அன்றிரவு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பும். கட்டணம் இல்லை. மேகம் வந்தால் படம் கறுப்பாகத்தான் வரும். அதுவும் வானியலில் சேர்த்திதான்.

சொந்தக் கைபேசியில் எடுத்த வானப் படம் கையில் இருந்தால் அஸ்ட்ரோமெட்ரி தளத்தில் ஏற்றலாம். நட்சத்திரங்கள் அமைந்திருக்கும் விதத்தை ஒப்பிட்டு, படம் வானத்தின் எந்தப் பகுதி, எந்த நட்சத்திரம் எது என்று குறித்துத் தந்துவிடும்.

வாட்ஸ்அப் வானியல்

ஆகஸ்ட் மாதம் வந்தால் ஒரு செய்தி சுற்றும்: 27-ஆம் தேதி செவ்வாய் முழு நிலவு அளவுக்குத் தெரியும். இதன் வேர் உண்மையானது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு நெருங்கி, 5.58 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்தது. அன்றும்கூட அது நிலவின் விட்டத்தில் சுமார் 70-இல் ஒரு பங்குதான். தீபாவளி சமயத்தில் ‘நாசா எடுத்த தீபாவளி இரவு’ என்று வண்ண விளக்கு இந்தியா ஒன்று வரும். நகர விளக்குகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியதைக் காட்ட, பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி வெவ்வேறு நிறம் கொடுத்த தொகுப்பு அது. தீபாவளிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நாசாவே 2012-இல் விளக்கியது. முதல் வகைச் செய்தியை ஸ்டெல்லேரியத்தில் அந்தத் தேதியைத் தட்டியே சோதித்துவிடலாம். இரண்டாவது வகைக்குப் படத்தின் மூலத்தைத் தேட வேண்டும்.

கண்டுபிடிப்புச் செய்திகளுக்குச் சோதனை வேறு. 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளில் உயிரின் தடயம் என்று உலகமே பேசியது. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழுவினர் தங்கள் அறிவிப்பிலேயே, முடிவின் உறுதி ‘மூன்று சிக்மா’ அளவில் இருப்பதாகவும், கண்டுபிடிப்பு என்று ஏற்க ‘ஐந்து சிக்மா’ தேவை என்றும் சொல்லியிருந்தார்கள். தலைப்பில் இருந்த வேகம் அறிவிப்பில் இல்லை. அதே தரவை ஆராய்ந்த வேறு குழுக்கள் விரைவிலேயே ஐயம் எழுப்பின. 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் தளத்தில் வானியல் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கலாம். முழுக் கட்டுரை புரியாவிட்டாலும் சுருக்கத்தில் எவ்வளவு உறுதி என்ற ஒரு வரியைத் தேடிப் படிப்பது போதும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் ஸ்டெல்லேரியமும் அபாட்டும் மட்டும். மாத முடிவில் வரைபடம் இல்லாமல் ஐந்து நட்சத்திரங்களையும் தெரியும் கோள்களையும் அடையாளம் சொல்ல வேண்டும். விண்வெளி நிலையத்தை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் மாதம் ஒரு பாடநூலோ ஒரு வகுப்போ, கூடவே சூரியப் புள்ளிப் பயிற்சி. மூன்றாம் மாதம் ஸூனிவர்ஸில் ஒரே ஒரு திட்டம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். எதைப் பார்த்தாலும் தேதி, நேரம், இடம் மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது கட்டாயம். இந்த மூன்றும் இல்லாத குறிப்பு வானியலில் பயன்படாது.

இடையில் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்குப் போய்வரலாம். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் வைணு பாப்பு ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் அந்த வார அறிவிப்பை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையாதவர் முதலில் வாங்க வேண்டியது தொலைநோக்கி அல்ல, ஒரு பைனாகுலர். 10 மடங்கு பெருக்கமும் 50 மி.மீ. முகப்பு லென்ஸும் இருந்தால் நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், கார்த்திகைக் கொத்து, இருட்டான ஊரில் ஆந்திரமேடா திரள் எல்லாம் அதில் தெரியும். சனியின் வளையம் மட்டும் தெரியாது. அதைப் பார்க்க விரும்புகிறவர் அப்போது தொலைநோக்கிக் கடைக்குப் போகலாம்.